செத்தவன் செத்தானா?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாக அந்தக் கதைக்குள் புகுந்து, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்கிறார்கள். பலித்ததா இல்லையா என்று இருபது முகப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் இதுதான்.

கதைக்குள் சண்டை வந்தால் மேஜையிலும் சண்டை வரும். கதவைத் திறக்கிறேன் என்றால் யாரும் வாதாட மாட்டார்கள். கத்தி வீசினால் உயிர் போகுமே! வாராவாரம் உட்கார்ந்து வருஷக்கணக்கில் வளர்த்த பாத்திரம், ‘விதி அப்படித்தான்’ என்ற ஒரு வார்த்தையில் செத்துப்போனால் சும்மா இருப்பார்களா?

முதலில் வந்தவை மூன்றே மூன்று சின்னப் புத்தகங்கள். யார் முதலில் அடிப்பது என்பதே அதில் தெளிவாக இல்லை. சரி, எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று கிளம்பினார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒருவனைக் கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால், முதலில் அவன் உங்களை ஓசியில் ஒரு அடி அடிக்கலாம். அதில் தப்பித்தால் தொடுவதற்கு ஒரு பகடை. தொட்ட பிறகு யார் பலசாலி என்று ஆளுக்கொரு பகடை. பிடி விழுவதற்குள் டீ ஆறிவிடும்.

ஓட்டையை அடைக்கத் திருத்தம் போட்டால் திருத்தத்திலேயே இரண்டு ஓட்டை இருக்கும். வருமான வரிச் சட்டம் படித்த பி.காம்.காரனுக்கு இது புதுசில்லை.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். மந்திரத்தால் மறைந்தவனை அடிக்கப் பகடையை இரண்டு தடவை போட்டு, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நியாயம்தான். மறைந்தவனைப் பார்க்கவும் ஒரு மந்திரம் இருக்கிறது. அதைப் போட்டு அவனைப் பளிச்சென்று பார்த்த பிறகும் அதே தண்டனையா? ஆமாம்! ‘கண்ணில் படமாட்டான்’ என்பது ஒரு வரி, ‘அடிப்பது கஷ்டம்’ என்பது தனி வரி. முதல் வரி போனாலும் இரண்டாவது போகாது. விதிகளை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜெரமி கிராஃபோர்டும் எழுத்துப்படி அப்படித்தான் என்றார். பார்க்க முடிந்தால் தண்டனை இல்லை என்று திருத்தி எழுத 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்துக்குப் பத்து வருஷம்!

இந்தத் தலைவலி பிரஷ்ய ராணுவத்துக்கு எப்போதோ வந்துவிட்டது. அதிகாரிகளைப் பழக்க 1824-ல் ரைஸ்விட்ஸ் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். பகடை, அட்டவணை, விதி எல்லாம் உண்டு. ஆடி முடிக்க நேரம் பத்தவில்லை. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணையை ஓரங்கட்டுங்கள், அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதும் என்றார்.

அங்கே அது செல்லும். நடுவர் மேலதிகாரி, எதிர்த்துப் பேச முடியாது. இங்கே நடுவர் உங்கள் சிநேகிதர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர் மச்சானாக இருக்கலாம். மச்சானுக்கு ஒரு தீர்ப்பு, உங்களுக்கு வேறு தீர்ப்பு என்றால் அடுத்த வாரம் வருவீர்களா? புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்களை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். பாதி நேரம் அவர்கள் கேட்பது பாரபட்சமில்லாத நியாயத்தைத்தான்.

என்னைக் கேட்டால், சின்ன விஷயத்துக்கு நடுவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடணும். இன்றைக்கு உங்களுக்குச் சொன்னதே நாளைக்கு அவருடைய அரக்கனுக்கும் பொருந்தணும். ஆனால், அந்தத் தீர்ப்பால் ஒரு பாத்திரத்தின் உயிர் போகுமென்றால் ஆட்டத்தை நிறுத்திப் புத்தகத்தைத் திறக்கலாம், தப்பில்லை. அதிலும் பதில் இல்லையா? சந்தேகத்தின் பலனைச் சாகப்போகிறவனுக்குக் கொடுங்கள். அரக்கன் கோபித்துக்கொள்ள மாட்டான்.