பிள்ளைத்தமிழும் வாவிக்கரைத் தாலாட்டும்: குழவி வளர்ச்சி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

பிள்ளைத்தமிழை ஆராய்வோர் அதன் யாப்பையும் பக்திச் சுவையையும் விதந்துரைப்பர். அவ்விலக்கியத்துக்கு அடிப்படையான அறிவு யாருடையது என்னும் வினா எழுவது அரிது.

3ஆம் மாதக் காப்பு முதல் 21ஆம் மாதச் சிறுதேர் வரை, இரு மாதத்துக்கொன்றாகப் பத்துப் பருவங்களை வகுப்பது பாட்டியல் மரபுகளுள் ஒன்று. செங்கீரையில் தலையசைக்கும் குழவி, சப்பாணியிற் கைகொட்டுகின்றது, வருகையில் நடக்கின்றது, அம்புலியில் விளையாட்டுத் தோழமைக்கு உரியதாகின்றது. உடலியக்கத்தினின்று சமூக உறவுக்குச் செல்லும் இவ்வொழுங்கு, குழவிகளைப் பேணிய பெண்களின் அன்றாட உழைப்பில் விளைந்த அவதானிப்பு என்பதே எமது கருத்து. ஆயின் அவ்வறிவு ஏட்டிலேறியபோது பாடப்பெற்றோர் தெய்வங்களும் மன்னர்களும் தலைவர்களுமே.

இவ்வுழைப்பை நேரடியாகக் காட்டுவது நாட்டார் தாலாட்டு. மட்டக்களப்பு வாவிக்கரையில் அதன் சமூகத்தளம் தெளிவாகப் புலப்படும். இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவுகின்றது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகின்றது. கணவன் மனைவியின் இல்லஞ் செல்கின்றான். எனவே குழவி தாயிடம் மட்டுமன்றி அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோர் கைகளிலும் வளர்கின்றது. அழுகைக்குக் காரணங் கேட்டு மாமனையும் மாமியையும் வரிசைப்படுத்தும் தாலாட்டு மரபு, சொற்பொருள் விளங்குமுன்பே உறவுமுறைப் பெயர்களைக் குழவியின் செவிக்குப் பழக்குகின்றது. பாடுபவள் நிறுத்துகிறாள், குழவி ஒலியெழுப்புகிறது, அவள் மீண்டும் பாடுகிறாள். உரையாடலின் முதற்பயிற்சி இதுவே. உயர் உளச்செயற்பாடுகள் முதலில் மனிதரிடையேயும் பின்னரே மனிதருள்ளும் நிகழ்வன என்று சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி (1896–1934) கூறியது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சிந்தனை உறவில் உருவாகுமாயின், உறவின் சிதைவு சிந்தனையையும் தாக்கும். 1983 முதல் 2009 வரையான போரும் 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இவ்வில்லங்கள் பலவற்றைச் சிதைத்தன. போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறார்க்குக் கலையும் விளையாட்டும் வழியாக ஆறுதலளிக்க, 1996இல் மட்டக்களப்பிலே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது இச்சூழலிலேயே. மத்திய கிழக்கிற் கூலிக்காகப் பிறர் குழவியைப் பேணும் தாயின் சொந்தக் குழவி அம்மம்மாவிடம் வளர்கின்றது. அம்முதியவளின் உழைப்புக்கோ கூலியில்லை.

ஆதலின், தாலாட்டின் தொன்மையைப் போற்றுவதோடு திறனாய்வு அமைதல் போதாது. அதனைப் பாடுவதற்கான ஓய்வும் இல்லமும் இன்று யாருக்கு உள்ளன என்பதையும் அது ஆராய்தல் வேண்டும்.