நாற்காலியில் இருப்பவரின் ஆட்டம்

சிகையலங்காரப் போட்டி என்பது குறித்த நேரத்துக்குள் கத்தரித்தல், சாயமேற்றல், சுருளமைத்தல், கொண்டையிடல் போன்ற வேலைகளைச் செய்துகாட்டி நடுவர்களிடம் மதிப்பெண் பெறும் போட்டியாகும். அதன் வெற்றி தோல்வியைப் பேசுவோர் கத்தரி பிடித்த கையைத்தான் அலசுகிறார்களே தவிர, அந்தக் கைக்குக் கீழே அசையாமல் இருந்த தலையைக் கணக்கில் எடுப்பதில்லை. தொழிலில் 'மாடல்' என்று அழைக்கப்படும் அந்த நபரின் முடியும் கழுத்தும் பொறுமையும் முடிவைப் பாதிக்கின்றன என்பதால், ஆடுகளத்தைப் பார்க்காமல் கிரிக்கெட் அலசல் தொடங்காதது போலவே, இந்தப் போட்டியின் அலசலும் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலையின் இயல்பைத் தீர்மானிப்பவை முடியின் அடர்த்தி, இழையின் தடிமன், வளரும் திசை, சுழி ஆகியவை. சுழி என்பது உச்சியில் முடி வட்டமாகச் சுற்றி வளரும் இடம். இரட்டைச் சுழிக்காரருக்கு இரண்டு கல்யாணம் என்ற ஊர்ப்பேச்சின் உண்மை எதுவாயினும், அப்படிப்பட்ட தலையில் உச்சி முடியைக் குட்டையாக வெட்டினால் அது இரு திசையில் எழுந்து நிற்கும் என்பதைக் கைதேர்ந்த கலைஞர்கள் அறிவார்கள். ஈரமான முடி இழுத்தால் நீளும், உலர்ந்ததும் சுருங்கும் என்பதால், ஈரத்தில் நேராகத் தெரிந்த வெட்டு உலர்ந்தபின் ஏறி இறங்கித் தெரிவதும் உண்டு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே ஒத்திகையில் தவறாக வெட்டிய 3 சென்டிமீட்டரைத் திரும்பப் பெற மாடலும் கலைஞரும் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். சாயச் சுற்றுக்கு முன் காதின் பின்புறத்தில் சிறிது சாயம் தடவி, ஒவ்வாமை தெரிகிறதா என்று 48 மணி நேரம் பார்ப்பதும், மருதாணியும் கறுப்புச் சாயமும் முன்பே ஏறிய முடியா என்று விசாரிப்பதும் இந்தத் தயாரிப்பில் அடங்கும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பாத காவிரி டெல்டாப் பெண்களுக்கு, போட்டிக்கு முன் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதே முதல் பயிற்சியாக அமையும்.

அதன்பின் வருவது உட்காரும் திறன். மாடல் கால்மேல் கால் போட்டால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, தோள் இறங்கி, தலையும் சற்றே திரும்பிவிடுகிறது. அந்நிலையில் இரு காதுக்கும் ஒரே அளவில் வெட்டப்பட்ட கோடு, அவர் எழுந்து நின்றதும் கோணலாகத் தெரியும். பின்னங்கழுத்தை வெட்டும்போது மோவாயை எவ்வளவு தாழ்த்தினாரோ அதே அளவில் வெட்டு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். அரிப்பெடுத்தாலும் கை மேலே போகக்கூடாது. மணி அடித்துக் கலைஞர்கள் விலகி நின்றபின், நடுவர்கள் நாற்காலி நாற்காலியாகச் சுற்றி வரும் வேளையில் தலையைத் தாங்கி நிற்பவர் மாடல் மட்டுமே. களைப்பில் முதுகு கூனினால் பின்பக்க வடிவம் குலைந்துவிடும். இவ்வளவு உழைத்தவரின் பெயர் பரிசுப் பட்டியலில் கலைஞரின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாவதில்லை என்பது இத்துறையின் பழைய கஞ்சத்தனம்.

இந்த மனிதத் தலையைப் போட்டியிலிருந்து விலக்கிவிடும் முடிவையும் சில அமைப்புகள் எடுத்துள்ளன. பாரிஸில் 1946இல் தோன்றிய ஓ.எம்.சி. என்னும் சிகையலங்காரர் அமைப்பின் போட்டிகளில் உயிருள்ள மாடலுக்கும் பொம்மைத் தலைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் 1950இல் மாட்ரிட்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் இளைஞர்களோடு முதல் சர்வதேசப் போட்டியை நடத்தி, இன்று உலகத் திறன் போட்டியாக வளர்ந்துள்ள வேர்ல்டு ஸ்கில்ஸ், சிகையலங்காரப் பிரிவைப் பார்லர்களில் 'டம்மி' எனப்படும் பொம்மைத் தலையில்தான் நடத்துகிறது. அதன் மதிப்பீட்டு முறை கவனத்துக்குரியது: அளந்து பார்க்கக்கூடியவற்றுக்கு ஒரு வகை மதிப்பெண், தீர்ப்பால் மட்டுமே சொல்லக்கூடியவற்றுக்கு மூன்று வல்லுநர்கள் ஒரே நேரத்தில் 0 முதல் 3 வரையுள்ள அட்டைகளில் ஒன்றை உயர்த்திக் காட்டும் வகை. தொழில் தரத்துக்குக் கீழே இருந்தால் 0, தரத்தை எட்டினால் 1, சிலவற்றில் விஞ்சினால் 2, முற்றிலும் சிறந்திருந்தால் 3. இருவர் அட்டைகளுக்கிடையே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்த்து மீண்டும் உயர்த்த வேண்டும். எல்லாருக்கும் ஒரே தலை கிடைத்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் இருக்கும் என்ற வாதத்தை மறுப்பது கடினம். 22 வயதுக்குட்பட்ட ஒருவர் நல்ல முடியுள்ள தோழி கிடைக்காததால் தோற்பது நியாயமாகாது.

எனினும் பொம்மைத் தலை மறைக்கும் செய்திகள் பல. அதற்கு உடற்சூடு இல்லை. உயிருள்ள தலையிலோ உச்சந்தலைச் சூட்டால் வேர்ப்பகுதியில் சாயம் விரைந்து ஏறுவதால், வேரையும் நுனியையும் வெவ்வேறு நேரத்தில் பூச வேண்டியிருக்கிறது. வியர்வையும் எண்ணெய்ப்பசையும் பொம்மைத் தலைக்கு இல்லை, முடி ஒழுங்காக நடப்பட்டிருப்பதால் வம்பு செய்யும் சுழியும் இல்லை. அந்த முடியோ பெரும்பாலும் மனித முடி. நம் கோயில்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடி ஏலம் போய் உலகச் சந்தைக்குச் செல்வதை நினைத்தால், சுவாமிமலையில் 60 படி ஏறி முருகனுக்கு முடி கொடுத்தவரின் கூந்தலும் ஏதோ ஒரு நாட்டின் டம்மித் தலையில் பரிசுக்குக் காத்திருக்கக்கூடும்.

சுவாமிமலையை இந்த அலசலுக்குள் கொண்டுவர இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு. உயிரற்ற தலையில் கூந்தல் அமைக்கும் தொழிலில் இவ்வூர் ஸ்தபதிகளைவிட நீண்ட மரபுடையோர் அரிது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலால் மூடி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையே இங்கு நடப்பது. உருவத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்து அங்கங்களின் அளவைக் குறிக்கிறார்கள். 2023இல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர, 18 டன் எடையுள்ள நடராசரும் சுவாமிமலைப் பட்டறையில் பிறந்தவரே. ஆடும் வேகத்தை அவ்வுருவில் முதலில் சொல்வது இருபுறமும் பறக்கும் சடைதான்.

நடுவரின் பார்வையில் முக்கியமானது இச்சிலைகளின் பின்புறம். ஊர்வலத்தில் எழுந்தருளும் திருமேனியை எல்லாத் திசையிலிருந்தும் மக்கள் பார்ப்பதால், சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் தலையின் பின்னே சிரச்சக்கரம் என்னும் வட்டு அமைய, அதன்கீழ் பிடரியில் சுருள்கள் வரிசையாக இறங்குகின்றன. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு இடபவாகன தேவரின் சடை, பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சுற்றின் தொடக்கமும் முடிவும் குழம்பாத அந்த வேலைக்கு மூன்று வல்லுநரும் தயங்காமல் 3 காட்டுவார்கள். இன்றைய போட்டிகளில் முகப்பை அழகாக முடித்துவிட்டுப் பிடரியில் ஹேர்பின் தெரிய விட்டுவிடும் இளைஞர்கள், அந்தக் கூடத்தில் சிலைகளின் பின்பக்கம் போய் நின்று பார்ப்பது ஒரு வகுப்புக்குச் சமம்.

ஆனால் சிலையும் டம்மியும் நகராதவை. டெல்டாவில் இக்கலைக்குச் சோறு போடும் மணப்பெண் அலங்காரம் நகரும் தலையில் நிற்க வேண்டியது. சவுரி வைத்துப் பின்னி, தாழம்பூ தைத்து, ராக்கொடியும் சடைநாகமும் குஞ்சலமும் ஏற்றிய சடையின் எடையை விடியற்காலை முகூர்த்தம் முதல் பந்தி முடியும்வரை ஒரு கழுத்து தாங்குகிறது. இடையில் மாலை மாற்றுதல், ஓமப்புகை, பெரியோர் காலில் விழுதல் அத்தனையும் உண்டு. ஆற்றோர ஊர்களின் ஈரக்காற்று வேறு எதிரி. சூட்டுக் கருவியால் வரும் சுருள், முடிக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து புது வடிவில் மீண்டும் கட்டிக்கொள்வதால் உண்டாவது. ஈரம் பட்டால் அதே பிணைப்புகள் மறுபடி அவிழ்ந்துவிடுவதால், ஐப்பசி மழையில் காலையில் போட்ட சுருள் மதியத்துக்குள் தொங்கிவிடும். குளிரூட்டிய அரங்கில் டம்மித் தலையில் வென்ற சுருள் கும்பகோணத்து மண்டபத்தில் நிற்குமா என்பதை எந்த மதிப்பெண் தாளும் சொல்வதில்லை.

உலகப் போட்டியின் விதியை இங்கிருந்து மாற்ற இயலாது. அதை நோக்கிச் செல்லும் இளைஞர்கள் டம்மியில் பழகித்தான் ஆகவேண்டும். மாவட்ட அளவிலும் சங்க அளவிலும் நடக்கும் போட்டிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே ஒரு சுற்றை மட்டுமாவது உயிருள்ள மாடலுக்கு ஒதுக்கி, மாடல்களைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தால் நல்ல முடி தேடும் போட்டியும் ஒழியும். சடை முடிந்ததும் உட்கார்ந்த நிலையில் ஒரு மதிப்பெண், மாடல் எழுந்து நடந்து, குனிந்து நிமிர்ந்து, மின்விசிறி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் இருந்து திரும்பியபின் இன்னொரு மதிப்பெண் என இட்டு, இரண்டாவதற்கே கூடுதல் எடை தரலாம்.