கூலிப் புகழும் கூட்ட மனமும்

நூலொன்றின் தகுதியை எடுத்துரைப்போன், அவ்வுரைக்கு நூலாசிரியன்பால் மறைவிற் கூலி பெறுவோனாயிருத்தல் ஆகாதென்பது மதிப்புரைக்குரிய முதல் அறம். சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோரை ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என நன்னூலார் வரையறுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. இந்நால்வரும் நூலாசிரியனுக்கு அணியரே. எனினும் அவ்வுறவு மறைபொருளன்று. கற்போன் அதனை அறிந்தே புகழ்ச்சியை நிறுத்துக் கொள்வான்.

இக்கால இணையவெளியிலோ உறவு மறைக்கப்படுகின்றது. காசுக்கு எழுதிய புகழுரை, தானே எழுந்த வாசகர் குரல்போல வேடம் பூண்டு வருகின்றது. நூன்மதிப்புரைகளை விலைக்கு எழுதிக் கொடுக்கும் நிறுவனமொன்று 2010ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் தோன்றியது.

இதனால் விளையுங் கேடு ஒருவன் ஏமாறுதலோடு அமைவதன்று. முச்னிக், அறால், ரெயிலர் என்னும் ஆய்வாளர் மூவர் 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுறுத்தும். இணையத்தில் வாசகர் எழுதிய குறிப்புகள் சிலவற்றிற்கு, தகுதி நோக்காது, தொடக்கத்திலேயே ஓர் ஆதரவு வாக்கு இடப்பட்டது. அவற்றை முதலிற் கண்டோர் தாமும் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் உயர்ந்தது; இறுதி மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் ஏறியது. அவ்வாறே இடப்பட்ட எதிர்வாக்கையோ பின்வந்தோர் திருத்திவிட்டனர். பொய்ப்பழியைத் திருத்துங் கூட்டமே பொய்ப்புகழைப் பெருக்குகின்றது. கூலிமதிப்புரையாளர் விற்பது அம்முதல் வாக்கையேயாம்.

பொய்மதிப்புரைகளை வாங்குதலையும் விற்றலையும் ஐக்கிய அமெரிக்கா 2024ஆம் ஆண்டு விதியொன்றினால் தடைசெய்தது. எனினும், விதி விற்போனைத் தடுக்குமேயன்றி வாசகனுக்குத் தெளிவு தராது. பலர் புகழ்ந்தமை நூலுக்குச் சான்றாகாது. புகழ்வோன் பெற்றது யாதென வினவி, நூலைத் தானே கற்றுத் துணிபவனே வாசகன்.