குப்பை மூட்டையும் அளவு நாடாவும்

கடலடியிலிருந்து குப்பை மூட்டையோடு மேலேறி வரும் ஸ்கூபா வீரர்களின் படத்தை நாளிதழில் பார்க்கும்போது மனம் நெகிழாதவர் இருக்க முடியாது. சம்பளம் கிடையாது, காற்று உருளைக்கும் படகுக்கும் கைக்காசு, போவதோ விடுமுறை நாள். தன்னார்வ முக்குளிப்புக் கழகங்களின் பொதுத்தொண்டு பாராட்டத்தக்கது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதில்தான் ஐயம். தேடுவது, பார்ப்பது, அளப்பது, பொறுமையாகப் பதிவது ஆகியவற்றில் இக்கழகங்கள் செய்திருப்பதை அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் தனியாகச் செய்திருக்க முடியாது. தூக்குவது, அகற்றுவது, கடலில் எதையாவது கொண்டுபோய் வைப்பது என்று வரும்போது அதே ஆர்வம் ஆபத்தாகிறது. புகழோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைக்கே போய்ச் சேர்கிறது.

முதல் வகைத் தொண்டுக்குப் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1953-இல் ஆஸ்கர் குகன், பீட்டர் ஸ்மால் இருவரும் தொடங்கிய அமைப்பு அது. ஊரூராகக் கிளைகள், மூத்த உறுப்பினர் புதியவருக்கு ஊதியமில்லாமல் கற்றுத்தருவார். 1965-இல் அலெக்சாண்டர் மெக்கீ என்ற எழுத்தாளர் அதன் சவுத்சீ கிளையினரைச் சேர்த்துக்கொண்டு, 1545-இல் சோலன்ட் நீரிணையில் மூழ்கிய மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸைத் தேடப் புறப்பட்டார். நீர் கலங்கல், கப்பலோ சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. அதன் மரச்சட்டங்கள் கண்ணில் பட்டது 1971-இல். கிடைக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக ஆறு ஆண்டுகள் ஆளனுப்பிக்கொண்டிருக்க எந்தத் துறை நிதி ஒதுக்கும்? வார இறுதியை மனமுவந்து கொடுப்பவர்களால்தான் அது முடிந்தது. பின்னர் தொல்லியலாளர் மார்கரெட் ரூல், அகழாய்வை நேரில் அறிந்து நடத்துவதற்காகவே முக்குளிக்கக் கற்றுக்கொண்டார். 1979 முதல் 1982 வரை சுமார் ஐந்நூறு தன்னார்வலர்கள் ஏறத்தாழ 28,000 முறை இறங்கினார்கள். மரச்சீப்பு, நீள்வில், அறுவை மருத்துவரின் மருந்துப் பெட்டி என 19,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் கரையேறின. கப்பலின் உடலைத் தூக்கும் வேலையை மட்டும் ராணுவப் பொறியாளர்களிடமும் மிதவைப் பாரந்தூக்கியிடமும் விட்டார்கள். 1982 அக்டோபர் 11 அன்று அவர்கள் கையிலேயே தாங்குசட்டத்தின் ஒரு மூலை சரிந்தது. தூக்குவது அவ்வளவு சிக்கலான வேலை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் பொழுதுபோக்காக முக்குளித்தவர்களில் பலர் மூழ்கிய கப்பல்களின் பித்தளைச் சாமான்களைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பழங்கலங்களைக் காக்கும் சட்டம் பிரிட்டனில் 1973-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1968-இல், மெக்கீயின் குழுவினர் அந்தக் கடற்படுகையைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்தார்கள். கருவியும் பயிற்சியும் இரு தரப்பாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுதான் இவர்களைப் பிரித்துக் காட்டியது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2007-இல் தொடங்கிய ரீஃப் லைஃப் சர்வே அந்தக் கட்டுப்பாட்டையே முறையாக்கியது. பாறைத் திட்டின் மீது 50 மீட்டர் நாடாவை விரிக்க வேண்டும். அதன் இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் அகலத்துக்குள் வரும் ஒவ்வொரு மீனையும் இனம் கண்டு, எண்ணி, அளவைக் கணித்து, நீரில் நனையாத தாளில் பென்சிலால் எழுத வேண்டும். விஞ்ஞானிகள் அருகிருந்து பயிற்றுவித்துத் தேர்ந்தவர்களின் பதிவுகள்தான் ஏற்கப்படும். பொழுதுபோக்கு முக்குளிப்பவர்களின் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு 2014-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு பதில் சொன்னது. இந்தத் தன்னார்வலர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு 87 கடல் காப்பகங்களை எடைபோட்ட ஆய்வு அது. பாதிக்கும் மேற்பட்ட காப்பகங்கள், மீன்பிடிப்பு நடக்கும் பகுதிகளிலிருந்து சூழலியல் நோக்கில் வேறுபடவே இல்லை என்று அது காட்டியது. பெயரளவுக் காப்பகங்களை அரசுகளின் முகத்துக்கு நேரே அடையாளம் காட்டியதைவிடப் பெரிய பொதுத்தொண்டு என்ன இருக்கிறது?

இனி இரண்டாவது வகை. கடலடியில் சிக்கிய வலையை எடுக்க, அதைக் காற்றுப் பையில் கட்டி மேலே அனுப்புவார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் பையில் நிரப்பிய காற்று நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். அதனால் மேலே ஏற ஏறப் பையின் வேகம் கூடும். அறுத்த வலையின் ஒரு கண்ணி முக்குளிப்பவரின் காற்றுக்குழாயில் மாட்டியிருந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கடலுக்கும் கேடு உண்டு. பல ஆண்டுகள் கிடந்த பொருளின் மேல் பவளமும் பஞ்சுயிரிகளும் குடியேறியிருந்தால், அதைப் பெயர்த்தெடுப்பது அந்த உயிர்களை அழிப்பதாகும். நல்லெண்ணம் எவ்வளவு தூரம் தவறிப் போகலாம் என்பதற்கு ஃபுளோரிடாவின் ஆஸ்போர்ன் பாறைத்திட்டு சாட்சி. 1972-இல், செயற்கைப் பவளத்திட்டு அமைப்பதாக நம்பி, தனியார் படகுகள் அணிவகுக்க, சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் இறக்கத் தொடங்கினார்கள். அரசின் ஒப்புதலும் இருந்தது. கட்டிய பட்டைகள் அரித்து அறுந்தன. அலைகளில் உருண்ட டயர்கள் பக்கத்திலிருந்த உண்மையான பவளத்தை நொறுக்கின. 2007-இலிருந்து ராணுவ முக்குளிப்பாளர்கள் அவற்றை அள்ள வேண்டியதாயிற்று. கொஞ்சம் டயர்களை இறக்கிவிட்டுச் சில ஆண்டுகள் பொறுத்திருந்து பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையைச் சிலர் எனக்கு எதிராகக் காட்டலாம். 2018 ஜூலை 2 அன்று, வெள்ளத்தில் அகப்பட்ட பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலந்தன் என்ற பிரிட்டிஷ் தன்னார்வலர்கள். அவசர மீட்பு தன்னார்வலர்களால் ஆகாது என்று எப்படிச் சொல்வது? இந்த வாதம் வலுவானது. என் பிரிப்பைச் சற்றுத் திருத்தவும் வைக்கிறது. ஆனால் குறுகிய, இருண்ட குகைநீரில் நீந்துவது அவர்கள் பல்லாண்டுகள் பழகிய தனிக்கலை. அதே குகையில் ஜூலை 6 அன்று உயிர்நீத்த சமான் குனான் தாய்லாந்துக் கடற்படையில் பயிற்சி பெற்ற வீரர். ஊதியம் உண்டா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்த நீருக்கு உரிய பயிற்சி இருக்கிறதா என்பதுதான். வார இறுதியில் பவளம் பார்த்துப் பழகிய கழகத்தை, ஏரியில் மூழ்கியவரின் உடலைத் தேட உறவினர்கள் கண்ணீரோடு அழைக்கும்போது, “எங்களால் முடியாது” என்று சொல்ல மன உறுதி வேண்டும். பிரிட்டனில் 1997-இன் பணிநிலை முக்குளிப்பு விதிகள் தொழிலாக முக்குளிப்பவர்களுக்கானவை. ஊதியமில்லாத கழகத்தார் அவற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவே கடிவாளம் கழகத்தின் கையிலேயே இருந்தாக வேண்டும். விபத்துகளைப் பெயர் குறிப்பிடாமல் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடும் சப்-அக்வா கிளப்பின் பழக்கத்தை நான் மிக மதிப்பது இதனால்தான்.

குப்பை எடுப்பதால் மக்களிடம் விழிப்புணர்வு பிறக்கிறதே என்பதும் நியாயமான பேச்சுதான். பிறக்கட்டும். ஆனால் எடுத்த இடம், ஆழம், பொருளின் வகை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவைத்தால்தான் அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது என்று யாரையாவது கேட்க முடியும். எழுதாமல் விட்டால் அடுத்த பருவத்தில் அதே இடத்தில் அதே மூட்டை நிரம்பும். மன்னார் வளைகுடாவிலும் சென்னை, புதுச்சேரிக் கரைகளிலும் கடலில் இறங்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: சாக்கை எடுக்கும் முன் அளவு நாடாவையும் பென்சிலையும் எடுங்கள், எழுதியதைக் கடலாய்வு நிறுவனங்களிடம் ஆண்டு தவறாமல் கொடுங்கள்.