மஜெஸ்டிக் விடுதி: கலை வரலாறும் நினைவுத் தேர்வும்

ஒரு விடுதியின் இலக்கியப் பெருமையை அங்குத் தங்கிய எழுத்தாளர் பெயர்களால் அளப்பது வழக்கம். பினாங்கின் ஈ அண்ட் ஓ விடுதியைச் சாமர்செட் மாம் பெயரின்றி விவரிப்போர் அரியர். கோலாலம்பூர் இரயில் நிலையத்திற்கு எதிரே 1932இல் திறக்கப்பெற்ற மஜெஸ்டிக் விடுதிக்கு அவ்வளவுகோல் பொருந்தாது என்பது நம் கருத்து. அதன் கலைச்சிறப்பு, விருந்தினர் வெளியேறிய பின்னரே வாய்த்தது. 1984 முதல் 1998 வரை அக்கட்டடம் தேசியக் கலைக்கூடமாக விளங்கிற்று. செல்வர்க்கென எழுந்த கூடங்களில் ஸ்ரீ கெம்பாங்கான் பள்ளி மாணவரும் ஓவியங்களைக் கண்டு நிற்க இயன்றது. தமிழகத்தில் பிறந்து, சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்று, இராமாயணக் காட்சிகளை மலேசிய ஓவியத்துள் கொணர்ந்த சையது தாஜுடீன் போன்றோர் முனைந்து இயங்கிய காலமும் அதுவே.

2012இல் கட்டடம் மீண்டும் ஆடம்பர விடுதியாயிற்று. இடிக்காமல் காத்தமை பாராட்டத்தக்கதே. எனினும் முன்னிறுத்தப்படுவது 1930களின் தேநீர் விருந்துச் சூழல். உணவகத்திற்குச் சூட்டப்பெற்ற ‘கொலோனியல் கஃபே’ என்னும் பெயரே சான்று. பதினான்கு ஆண்டுப் பொதுக்கலை வாழ்வு அடிக்குறிப்பாகச் சுருங்குகிறது. அதே 1930களில் இரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்தோரின் வழிவந்தவர்களே இன்று நம் வகுப்பறைகளில் பயிலும் மாணவர் பலர். அவர்களுக்கு அக்கட்டடத்தில் உரிமையோடு நுழையக் கிடைத்த வாயில் கலைக்கூட வாயில் ஒன்றே.