பென்னிகுவிக் பகிர்வுகள்: ஒரு மதிப்பீடு

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் (1841–1911) குறித்துத் தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியினர் சமூக ஊடகங்களில் படங்களையும் குறுங்கதைகளையும் மேற்கோள்களையும் மீம்களையும் தொடர்ந்து பகிர்ந்து வருகின்றனர். அவரது பிறந்தநாளான ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால் அந்நாட்களில் இவை பெருகுகின்றன. வட்டார வரலாறு இன்று பொதுமக்களிடம் சென்றுசேரும் முதன்மையான வழிகளில் இதுவும் ஒன்று என்பதால் இப்பகிர்வுகளை மதிப்பிடுவது அவசியமாகிறது.

பகிரப்படும் கதை

இவற்றில் மையமாக இருப்பது ஒரே கதைதான். கட்டுமானம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆங்கிலேய அரசு பணம் தர மறுத்தது. பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தன் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது அக்கதை. உலகில் ஒருமுறைதான் வாழ்கிறோம், அதற்குள் நன்மை செய்துவிட வேண்டும் என்ற பொருளுடைய ஒரு வாசகமும் அவர் பெயரில் வலம்வருகிறது.

கதையும் ஆவணமும்

வெள்ளத்தால் கட்டுமானம் சேதமடைந்தது உண்மை. சொத்து விற்பனைக்கு இப்பகிர்வுகள் எந்தச் சான்றும் தருவதில்லை. அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் திட்டம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் எனக் குத்தகை முடிவானது. 1887இல் தொடங்கிய பணி 1895இல் நிறைவுற்றது. பொறியாளர் ஏ. டி. மெக்கன்சி எழுதிய திட்ட வரலாறு 1899இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. அணை முடிந்தபின் பென்னிகுவிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். அவர் பெயரில் பகிரப்படும் வாசகம், ஸ்டீபன் கிரெலெட் என்ற குவேக்கர் சமயப் பரப்புநர் சொன்னதாக ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்கிவருவது.

வீரபாண்டியின் கதைமரபு

கதை சொல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் தலவரலாறு, பார்வை இழந்த பாண்டிய மன்னன் அம்மனையும் கண்ணீஸ்வரரையும் வழிபட்டுப் பார்வை பெற்றதாகக் கூறுகிறது. சித்திரைத் திருவிழாவில் ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் எடுக்கும் பக்தர் அக்கதைக்குக் கல்வெட்டுச் சான்று கேட்பதில்லை. சொல்பவரும் கேட்பவரும் அதைத் தலபுராணம் என்றே அறிவர்.

மீமும் இவ்வகையில் நேர்மையானது. வேட்டி கட்டிய பென்னிகுவிக் டீக்கடையில் அமர்ந்திருக்கும் படத்தை எவரும் வரலாறாகக் கொள்ளமாட்டார். ‘அறியாத அரிய தகவல்’ என்ற தலைப்போடு ஆண்டும் பழைய புகைப்படமும் சேர்த்து வரும் பகிர்வில்தான் சிக்கல் இருக்கிறது. அது செவிவழிக் கதைக்கு ஆவணத்தின் சட்டையை மாட்டிவிடுகிறது.

விளைவுகள்

2021இல் மதுரையில் கலைஞர் நூலகத்துக்குத் தேர்வான இடத்தில் இருந்த பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று கூறி எதிர்ப்பு எழுந்தது. அவர் 1911 மார்ச் 9 அன்று மறைந்தார், அக்கட்டடம் அதற்குப் பின் 1912–13இல் கட்டப்பட்டது என அரசு விளக்கமளித்தது. இறந்த ஆண்டைச் சரிபார்த்திருந்தாலே தீர்ந்திருக்கக்கூடிய விவாதம் அது.

அணை இன்றும் இரு மாநில வழக்கின் பொருள். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று அனுமதித்தது. 2021 அக்டோபரில் அணையைச் செயலிழக்கச் செய்யக் கோரும் ஹேஷ்டேக் கேரளத்தில் பரவியபோது தேனியில் போராட்டம் நடந்தது. ஒருபுறம் அச்சமூட்டும் பகிர்வு, மறுபுறம் கண்ணீர் வரவழைக்கும் பகிர்வு. இரண்டுக்கும் நடுவில் குத்தகை ஒப்பந்தமும் தீர்ப்பும் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன.

தனிமனிதத் தியாகக் கதை தொழிலாளர்களையும் மறைத்துவிடுகிறது. மலேரியாவாலும் காலராவாலும் விபத்துகளாலும் காட்டில் இறந்த கூலித் தொழிலாளர்கள் பலர். சுண்ணாம்பையும் சுர்க்கியையும் கலந்து அணையை எழுப்பியவை அவர்களின் கைகள். பகிர்வுகளில் அவர்கள் தலைகாட்டுவது அரிது.

மதிப்பீடு

இப்பகிர்வுகளின் நற்பயனை மறுக்க இயலாது. பாடநூலுக்கு வெளியே, தன் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் இளைஞர் இவற்றின் மூலமே முதலில் அறியக்கூடும். லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட மணிமண்டபத்துக்கு அவரை அழைத்துச் செல்வதும் இவையாக இருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் நன்றியுணர்வு உண்மையானது. அந்த நன்றிக்குச் சொத்து விற்ற கதை தேவையில்லை. மேற்கே ஓடிய ஆற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே வறண்ட நிலத்துக்குத் திருப்பிய பொறியியல் சாதனையே அதற்குப் போதும்.

பகிர்வதை நிறுத்த வேண்டியதில்லை. கதையைப் பகிரும்போது ‘செவிவழிக் கதை’ என ஒரு சொல்லையும், தகவலைப் பகிரும்போது அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என ஒரு வரியையும் சேர்த்தால் போதுமானது. வீரபாண்டியில் தலவரலாறு சொல்பவர் ‘சொல்வார்கள்’ என்று முடிக்கும் வழக்கத்தைக் கைப்பேசியிலும் பின்பற்றலாம்.