தீர்ப்பறிவும் பரீட்சையும்

1807ஆம் ஆண்டின் அரச சாசனம் பினாங்கில் ஒரு நியாயஸ்தலத்தை ஸ்தாபித்த காலந்தொட்டு, ஏட்டில் எழுதப்பட்ட சட்டத்தோடு நீதிபதிகளின் தீர்ப்புகளும் சட்டமாகவே மதிக்கப்பட்டு வருகின்றமையால், குற்றவியலில் அண்மைக்காலத் தீர்ப்புகளைப் பற்றிய ஞானத்தை வழக்கறிஞராக விரும்பும் மாணவரிடம் பரீட்சித்துப் பார்ப்பது அவசியமே. மலேசியாவின் சட்டத்தொழில் சான்றிதழுக்கான சி.எல்.பி. பரீட்சையில் குற்றவியல் நடைமுறை தனியொரு பாடமாக இருப்பதும் பொருத்தமானதே. ஆயினும், அந்த ஞானத்தை எவ்விதம் அளப்பது என்பது ஆழ்ந்து ஆராயத்தக்கது.

தீர்ப்பறிவைப் பரீட்சிக்கும் முறையின் குணம் பெரிது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019 ஏப்ரல் 5 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததை அறியாத ஒருவர், ஜார்ஜ் டவுன் லைட் தெரு நீதிமன்றத்தில் கடத்தல் வழக்கொன்றில் வாதாட எழுவாரானால், சட்டமறியாது அவரையே நம்பி நிற்கும் ஏழையின் பிராணனுக்கே அபாயம் நேரலாம். அத்தகைய அறியாமையை வாசலிலேயே தடுப்பது பரீட்சையின் தர்மம்.

ஆனால் வழக்கின் பெயரையும் வருஷத்தையும் முடிவையும் ஒப்புவித்தால் போதும் என்னுமிடத்தில் தோஷம் பிறக்கிறது. போதைப்பொருளை வைத்திருந்தார் என்ற அனுமானத்தின் மேல் கடத்தினார் என்ற அனுமானத்தையும் ஏற்றுதல் ஆகாதென 1998இல் நீதிமன்றம் தடுத்தது; 2014இல் நாடாளுமன்றம் 37ஏ பிரிவைச் சேர்த்து அதற்கு அனுமதி அளித்தது; 2019இல் நீதிமன்றம் அப்பிரிவையே நீக்கியது. கடைசி முடிவை மட்டும் மனனம் செய்தவர், நிரூபிக்கும் பாரம் யாருடையது என்ற மூலப் பிரச்சினையைக் காணமாட்டார். அதுபோலவே, கட்டாய மரணதண்டனை செல்லும் என 2020இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிற்று. 2023 ஜூலை 4 முதல் அக்கட்டாயத்தை நீக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்து, தண்டனை நீதிபதியின் விவேகத்துக்கு விடப்பட்டது. மனனத்தின் ஆயுள் இவ்வளவே.

மனன விடைகளைத் திருத்துவது எளிது, மதிப்பெண்ணில் பட்சபாதம் நேராது என்பர். அது மெய்யே, எனினும் அந்தச் சௌகரியம் பரீட்சகருக்கு உரியது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு அதனால் பிரயோஜனம் ஏதுமில்லை. ஆதலால் தீர்ப்பின் பகுதியை மாணவர் கையில் கொடுத்து, அதன் நியாயம் யாது, எதிர்த்தரப்பு அதிலிருந்து தன் வழக்கை எங்ஙனம் பிரித்துக் காட்டும், சற்றே மாறிய சம்பவத்துக்கு அது பொருந்துமா என்று வினவுதல் வேண்டும். இத்தகைய விடைகளை இரு பரீட்சகர்கள் தனித்தனியே மதிப்பிட்டால் பட்சபாதமும் குறையும். நாளை வரும் தீர்ப்பைத் தானாகவே வாசித்துணரும் ஆற்றலை அளப்பதே உத்தமமான பரீட்சை.